ஆனியின் ஒலிப்பதிவும் 'சும்மா பேசுவோம்' குழுவும்

மயிலாப்பூரில் சும்மா பேசுவதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயரும் 'சும்மா பேசுவோம்'தான். புத்தகம், தத்துவம், எழுத்து ஆகியவற்றைப் பற்றி, நாலு பேர் டீக்கடையில் நின்று பேசிக்கொள்வது மாதிரி, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பேசவேண்டும் என்பது அதன் நோக்கம். அப்படிப் பேசுவது எப்படி என்பதற்கான விதிமுறைகள் இருபத்தெட்டுப் பக்கம் வரும். எல்லோரும் சமம் என்பதால் குழுவுக்குத் தலைவர் கிடையாது. தலைவர் செய்யவேண்டிய வேலைகளை 'முதன்மைச் சாமானியர்' என்று ஒருவர் செய்துவந்தார். உறுப்பினர்கள் போதிய அளவு சகஜமாகப் பேசுகிறார்களா என்று கவனிக்க சகஜக் குழு என்ற ஒன்றும் இருந்தது. சகஜமாக இல்லாதவர்களை அது எழுத்துமூலம் எச்சரிக்கும்.

கிளிஃபர்ட் இதில் சேர விண்ணப்பித்தது புத்தகத்துக்காக இல்லை. ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருப்பவர் அவர். புத்தகம் என்றால் அவருக்குத் தெரிந்தது வருகைப் பதிவேடுதான். படிக்கிறவள் அவர் மனைவி ஆனி. அவள் பிப்ரவரி மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாள்.

அன்றைக்கு அவருக்கு அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போதும் வரவில்லை, முப்பதாம் நாள் பூசையிலும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டார், தூங்கினார், கரண்ட் பில் கட்டினார். ஜூன் மாதத்தில் ஒருநாள் சமையலறையில் மிளகுத்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, 'மேல் தட்டுல பாருங்க' என்று ஆனி சொல்வது நினைவுக்கு வந்தது. வார்த்தை வந்தது, குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றும் அது கிளிஃபர்டின் குரலிலேயே கேட்டது. டப்பா மேல் தட்டில்தான் இருந்தது. அவர் அதை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றார். அப்போதுதான் முதல்முறையாகப் பயமாக இருந்தது.

கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார். எல்லாக் கல்யாண வீடியோக்களையும் போல அதிலும் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டுதான் ஓடியது. ஆனி வாயை அசைத்து யாரிடமோ என்னவோ சொன்னாள், அதன்மேல் வயலின் வாசித்தார்கள். அவளுடைய போனை ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மெல்போர்னில் இருக்கும் மகள் டீனாவோடு அவள் வீடியோவில் பேசுவாள், பேசினது பேச்சோடு போயிற்று.

"அப்பா, அந்த புக் குரூப்ல அம்மா ஒரு ஆடியோ போட்டாங்க" என்றாள் டீனா. "நவம்பர்லன்னு நினைக்கிறேன். நாப்பது நிமிஷம். எல்லாரும் ஆஹா ஓஹோன்னு பாராட்டினாங்கன்னு அவ்ளோ சந்தோஷப்பட்டாங்க. அவங்கள்ல யார்கிட்டயாவது கண்டிப்பா இருக்கும். கேட்டு வாங்குங்கப்பா. எனக்கும் அனுப்புங்க."

கேட்டு வாங்குவது சுலபம் என்று தோன்றியதால் கிளிஃபர்ட் கிளம்பினார்.

சேர்க்கைக்கு முன் வீடியோவில் ஒரு 'சகஜமான உரையாடல்' உண்டு. அது நேர்காணல் அல்ல என்று முன்கூட்டியே மூன்று தடவை எழுதித் தெரிவித்தார்கள். சகஜக் குழுவின் பொறுப்பாளர் சூடாமணி, தி.நகரில் ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுப்பதையும் வீட்டுக்கு அனுப்புவதையும் கவனித்து ஓய்வு பெற்ற அம்மாள், கேள்வி கேட்டார்.

"கடைசியா என்ன வாசிச்சீங்க, கிளிஃபர்ட்?"

"மிக்ஸியோட வந்த புக்கு, மேடம். ஓடலைன்னா என்ன பண்றதுன்னு பாத்தேன்."

வெங்கடரமணன் என்ற விமர்சகர், "பயன்பாட்டு உரைநடை" என்று மெல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

"வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்குன்னு நினைக்கிறீங்களா?"

"இப்போதைக்கு எதுவும் தோணல மேடம்."

இந்தப் பதில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே அவரைப் பயிற்சிச் சாமானியராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

விதிகளில் முக்கியமானவற்றைச் சூடாமணியே விளக்கினார். யார் எதைப் பகிர்ந்தாலும் கால் மணி நேரத்துக்குள் மறுமொழி தரவேண்டும். மௌனம் என்பது ஒருவகை வன்முறை. மூன்று மாதம் மௌனமாக இருப்பவர்கள் நீக்கப்படுவார்கள். அடுத்தது, போனில் எந்தக் கோப்பும் தானாக இறங்காதபடி அமைத்துக்கொள்ளவேண்டும். "தானா இறங்கற இலக்கியம் இலக்கியமே இல்லை, கிளிஃபர்ட். வாசகன் தேடி வந்து, விரலால தொட்டு இறக்கிக்கணும். அது ஒரு தேர்வு." கிளிஃபர்ட் சரியென்று தலையாட்டினார். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

தான் சேர்வதற்கு முன் வந்த பதிவுகள் அவர் போனில் தெரியாது என்பதால், தன் கோரிக்கையை எழுதினார். 'வணக்கம். நான் ஆனியின் கணவர். ஆனி பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவர் இங்கே அனுப்பிய ஆடியோ யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்பவும்.' இரண்டு நிமிடத்தில் அது காணாமல் போயிற்று. சூடாமணியிடமிருந்து தனிச்செய்தி வந்தது: 'அன்புள்ள கிளிஃபர்ட், உங்கள் பதிவு நீக்கப்பட்டது. மரணம் நம் பேசுபொருள்தான், ஆனால் குறிப்பிட்ட ஒருவரின் மரணம் அல்ல. பொதுமைப்படுத்தி மீண்டும் அனுப்பவும். சகஜமாக இருங்கள்.'

கிளிஃபர்ட் யோசித்து, பொதுமைப்படுத்தி எழுதினார். 'ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய குரல் யாரிடமாவது இருக்குமா?'

அவ்வளவுதான், குழு பற்றிக்கொண்டது. ஒரு வாரம் ஓயவில்லை. குரலுக்கு உரிமையாளர் உண்டா என்று ஒருவர் கேட்டார். ஒலி என்பது இன்மையின் இன்னொரு பெயர் என்று வெங்கடரமணன் பதினோரு பகுதிகளாக எழுதினார். ஒருவருடைய குரல் தனக்கு வேண்டும் என்று கேட்பதே நிலப்பிரபுத்துவ மனோபாவம் என்று அடையாறிலிருந்து ஒரு பேராசிரியை கண்டித்தார். நடுவில் யாரோ இட்லிக்கு எந்த அரிசி நல்லது என்று கேட்க, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உடனடியாக உருப்படியான பதில் கிடைத்தது. கேட்டவருக்கு எச்சரிக்கையும் கிடைத்தது.

எழுத்து சரிப்படவில்லை, பேசிப் பார்க்கலாம் என்று கிளிஃபர்ட் ஒரு ஆடியோ அனுப்பினார். தான் யார், என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் பதிவை நிறுத்த மறந்துவிட்டார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியது, குழாயை மூடியது, வாசலில் கேஸ்காரரோடு பேசியது எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடம் ஆகிவிட்டது. கண்டுபிடித்து நிறுத்தியதும் அது குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, பாராட்டுகள் வந்து குவிந்தன. 'அடர்த்தியான பகிர்வு.' 'உள்ளே என்னவோ செய்தது.' 'இன்னும் அதிர்விலிருந்து மீளவில்லை.' 'தொடர்ந்து எழுதுங்கள்.'

கிளிஃபர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடப் பேச்சை அரை நிமிடத்தில் கேட்டு முடித்திருக்கிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் இப்படி வந்திருந்தால் அத்தனை பேரையும் கோட்டுக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. அவர் போனை மேஜையில் கவிழ்த்துவைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனார்.

மறுநாள் முதன்மைச் சாமானியரான ஸ்ரீனிவாசராகவனே கூப்பிட்டார். கோயில் குளத்துக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறவர், பெரிய மனுஷர்.

"மிஸ்டர் கிளிஃபர்ட், இப்பத்தான் ஆத்துல சொல்லிண்டிருந்தேன். உங்க ஆத்துக்காரி பேசினது இருக்கே, எங்க குழுவோட உச்சம்னா அதான்."

"அப்படிங்களா சார். என்ன பேசினா?"

"அதைச் சொல்லி முடியுமோ? ஆழம். அவ்வளவு ஆழம்."

"எதைப் பத்தி சார்?"

"எதைப் பத்திங்கறதை விட, எப்படிங்கறதுதான் முக்கியம்" என்றார் ஸ்ரீனிவாசராகவன். "தனித்தனியா யார்கிட்டயும் கேக்காதீங்கோ. அது விதிமீறல் ஆயிடும். நாங்களே ஒரு நினைவுக் கூட்டம் போடறோம். எல்லாரும் நேர்ல வருவா. அங்கேயே உங்களுக்குக் கொடுத்துடச் சொல்றேன்."

கூட்டத்துக்குப் போஸ்டர் தயாரானது. 'ஆனி: ஒரு குரலின் இன்மையும் இருப்பும்' என்று தலைப்பு. ஆனியின் படம் கேட்டார்கள், கிளிஃபர்ட் கொடுத்தார். போஸ்டரில் முதன்மைச் சாமானியரின் படம் பெரிதாகவும் ஆனியின் படம் ரேஷன் கார்டு அளவிலும் இருந்தன. அதை நகரம் பூராவும் பகிர்ந்தார்கள்.

லஸ் பக்கத்தில் ஒரு கல்யாண மினி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐம்பது பேர் போலக் கூடினார்கள். கிளிஃபர்டை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மனைவி இறந்ததற்குப் பொன்னாடை வாங்கிய முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் எழுந்து கும்பிட்டார்.

பிறகு ஆனியின் பேச்சைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அது கிரேக்கத் தத்துவத்தின் மீதான தமிழ் எதிர்வினை என்றார் வெங்கடரமணன். அடையாறுப் பேராசிரியை அதை மறுத்து, அது முழுக்க முழுக்கப் பெண் உடலின் அரசியல் என்றார். சூடாமணிக்கு அதில் பிடித்தது நகைச்சுவை. இன்னொருவர் தான் அதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார். பேசப் பேச ஆனி வளர்ந்துகொண்டே போனாள். தன்னோடு இருந்த பெண்மணி யார் என்று கிளிஃபர்டுக்கே சந்தேகமாகிவிட்டது.

அவரைப் பேச அழைத்தபோது அவர் மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி. எனக்குப் பேச வராது. அந்த ஆடியோவை ஒரு தடவை இங்கேயே போட்டுட்டா நல்லாருக்கும்" என்றார்.

ஹாலில் எல்லோரும் போனை எடுத்தார்கள். நவம்பர் மாதத்துக்குப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார்கள். ஆனியின் பதிவு இருந்தது. அதன் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட பாராட்டுகளும் இருந்தன. பதிவின்மேல் கீழ்நோக்கிய சிறிய அம்புக்குறி ஒன்று இருந்தது. இன்னும் இறக்கிக்கொள்ளவில்லை என்று அதற்கு அர்த்தம். ஒவ்வொருவரும் யாரும் பார்க்காதபடி அதைத் தொட்டார்கள். ஒவ்வொருவர் போனிலும் ஒரே வரி வந்தது: 'இந்தக் கோப்பு இப்போது கிடைக்கவில்லை. மீண்டும் அனுப்பும்படி அனுப்பியவரிடம் கேளுங்கள்.'

முன்வரிசையில் ஒருவர் இருமினார். மௌனத்தை வன்முறை என்று சொல்லும் அந்தக் குழு, அன்றைக்குச் சுமார் இரண்டு நிமிடம் அந்த வன்முறையில் ஈடுபட்டது.

ஸ்ரீனிவாசராகவன் எழுந்து மைக்கைச் சரிசெய்தார்.

"நண்பர்களே, நம்மில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லக்கூடும். அது தட்டையான பார்வை. கேட்டுவிட்டுப் பாராட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதற்கு ஒரு இலக்கியக் குழு எதற்கு? கேட்காமலே ஒரு படைப்பை முழுமையாக உள்வாங்கும் பக்குவத்தை நாம் அடைந்திருக்கிறோம். ஆனி நமக்கு விட்டுச்சென்ற கொடை இந்த அம்புக்குறிதான்."

கைதட்டல் எழுந்தது. சூடாமணி உடனே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தொழில்நுட்ப அறிவுரையை ஏற்று, மேற்படி ஒலிப்பதிவை மீண்டும் ஒருமுறை அனுப்பித் தருமாறு அதை அனுப்பியவரான ஆனியை இக்குழு கேட்டுக்கொள்கிறது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம். எல்லோரும் தூக்கினார்கள். கிளிஃபர்டும் தூக்கினார். ஏன் தூக்கினார் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் தூக்கும்போது ஒருவர் மட்டும் சும்மா இருந்தால் நன்றாயிருக்காது என்று தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பஜ்ஜியும் காபியும் கொடுத்தார்கள்.

ஹால் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் அருகில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டம்போட்ட சட்டை.

"சார், நீங்கதான் ஆனி அம்மா வூட்டுக்காரரா?"

"ஆமா."

"என் பேரு வலியுல்லா. திருவல்லிக்கேணில கண்ணாடிக் கடை வச்சிக்கீறேன். போஸ்டர் பாத்துதான் அம்மா தவறினதே தெரியும். உள்ள வரலாம்னு பாத்தேன், நீ குரூப்ல இல்ல, வாசல்லயே நில்லுன்ட்டாங்க."

"நீங்க குரூப்ல இருந்தீங்களா?"

"இருந்தேன் சார். சனவரில தூக்கிட்டாங்க. மூணு மாசமா ஒரு வார்த்தை பேசலயாம். நான் இன்னா சார் பேசறது? கடைல லென்ஸ் தேச்சிக்கினே காதுல மாட்டிக்கினு கேட்டுக்கினு இருப்பேன். பொசுக்குனு நல்லாருக்குன்னு போட வராது. கேட்டு முடிக்கறதுக்குள்ள கால் மணி நேரம் தாண்டிப்பூடும்." அவர் தயங்கினார். "அம்மா ரெண்டாவது பாகம் அனுப்புறேன்னு சொல்லிக்கீறாங்க சார். அதுக்கோசரம் காத்துக்கினு இருந்தேன். தூக்கினப்பறம் வந்துட்டிருக்கும்னு நெனச்சேன். உங்ககிட்ட அது கீதா?"

கிளிஃபர்ட் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "முதல் பாகம் உங்ககிட்ட இருக்கா?"

"கீது சார். அதை எப்படி அழிப்பேன்?"

கோயில் பக்கம் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. வலியுல்லா ஸ்கூட்டர் இருக்கையைத் துடைத்து அவரை உட்காரச் சொன்னார். காதில் மாட்டுவதை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனி பேச ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க எல்லாம் பெரிய பெரிய புக்கு படிக்கிறவங்க. நான் ஜாக்ரஃபி டீச்சர். நான் திரும்பத் திரும்பப் படிச்ச புக்குன்னா அட்லஸ்தான்."

இதுதான் குரல். கொஞ்சம் கரகரப்பு, 'தான்' என்று முடிக்கும்போது லேசாக ஏறும். இதை மறந்துபோனது எப்படி என்று கிளிஃபர்டுக்குத் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். கிரேக்கம் எதுவும் இல்லை. சாயங்காலம் அட்லஸைப் பிரித்து, ஒரு நதியின்மேல் விரலை வைத்து, அது முடிகிறவரை விரலாலேயே கூடப் போவாளாம். கோதாவரி அந்தப் பக்கத்துக் கடலுக்குக் கிட்டத்திலேயே பிறக்கிறது. கை நீட்டினால் கடல். ஆனால் அது அங்கே போகவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நாடு பூரா நடந்து இந்தப் பக்கத்துக் கடலுக்கு வருகிறது. ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்டால் பாறை, சரிவு என்று சொல்லிக்கொடுப்பாளாம். தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும்போது அந்தப் பதில் போதவில்லையாம். பின்னணியில் எங்கோ கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டே இருந்தது. கிளிஃபர்டின் வீட்டு டிவி அது.

நடுவில் ஆனி நிறுத்தினாள். முகத்தைத் திருப்பிக் கேட்டாள் போலிருக்கிறது, குரல் தள்ளிப்போயிற்று. "என்னங்க, நான் பேசறது சரியா வருதா?"

தூரத்திலிருந்து ஒரு ஆண்குரல், "பிரமாதம் ஆனி, பிரமாதம்" என்றது.

ஆனி சிரித்தாள். "அப்படியா? என்ன பேசினேன், சொல்லுங்க பாப்போம்."

பதில் இல்லை. யாரோ ஃபோர் அடித்தார்கள். கூட்டம் கத்தியது. ஆனி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு குரல் மறுபடி கிட்டே வந்தது. "பரவால்ல. கேக்கறதுக்கு நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே" என்று தொடர்ந்தாள்.

வலியுல்லா கீழே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இந்த எடத்துல நான் எப்பவும் கேட்டுக்கினுகீறேம்மான்னு சொல்லிடுவேன் சார். பழக்கமாயிடுச்சு."

கிளிஃபர்டுக்கு அழுகை வந்தது. பிப்ரவரியிலிருந்து வராத அழுகை, நடுத்தெருவில், பொன்னாடையோடு. வெட்கமாகவும் இருந்தது. உள்ளே பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஐம்பது பேரையும் ஒரு வார்த்தை குறைசொல்ல அவருக்கு இப்போது வாயில்லை. வலியுல்லா பதிவை நிறுத்தப் போனார். கிளிஃபர்ட் அவர் கையைத் தடுத்தார்.

"முதல்லேருந்து போடுங்க."

ஆனி மறுபடி வணக்கம் சொன்னாள். மறுபடி அட்லஸ் வந்தது, விரல் வந்தது, கோதாவரி கடலுக்கு முதுகைத் திருப்பியது. கிளிஃபர்ட் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். என்ன பேசினேன், சொல்லுங்க பாப்போம் என்று ஆனி கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"கோதாவரி" என்றார் கிளிஃபர்ட். "பக்கத்துலயே கடல் இருக்கு. ஆனா அது அங்க போகல, ஆனி. அவ்ளோ தூரம் சுத்திக்கிட்டு வருது. ஏன்னு உனக்குத் தெரியலன்னு சொன்னே."

பதிவில் அந்த இடத்தில் யாரோ ஃபோர் அடித்தார்கள்.